பின்னால் வருபவனுக்குச் சைகை இல்லை

நானெல்லாம் எழுத வந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு டீசல் சீட்டில் கையெழுத்துப் போட்டதைத் தவிர பெரிதாக எதையும் எழுதியதில்லை. பேச்சும் அப்படித்தான். எங்கள் டிரைவர் சங்கக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, டீ வந்ததும் குடித்துவிட்டு, சத்தமில்லாமல் எழுந்து போகிற ஆள் நான்.

இந்த ஆண்டு மலருக்கு நான் எழுதக் காரணம், என் பழைய தடத்தில் இப்போது மில் வேன் ஓட்டுகிற பிரபு. அவனுக்கு ஒரே மாதத்தில் இரண்டு தரம் வேக அபராதம் போனுக்கே வந்துவிட்டது. கம்பத்தில் இருக்கும் கேமரா படம் பிடித்து அனுப்பிவிடுகிறதாம். அந்த எரிச்சலில் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"ஏனுங்ண்ணா, நீங்க ஒருக்காக்கூடச் சிக்குனதில்லையாமா. எப்படீங்ண்ணா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

பக்கத்தில் இருந்த சங்கச் செயலாளர், "அந்த ஒண்ணுமில்லாததையே எழுதிக் குடுங்க, செல்லமுத்து. மலர்ல ரெண்டு பக்கம் காலியாக் கெடக்குது" என்றார். என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. எழுதுகிறேன். கட்டுரை என்றால் கடைசியில் ஒரு கருத்து இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். என்னிடம் கருத்து இல்லை. ஒரு குழப்பம்தான் இருக்கிறது.

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் எடுபிடியாக இருந்தேன். பிறகு போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே பல ஊர் சுற்றினேன். கல்யாணமானதும், தினமும் வீட்டுக்கு வருகிற வேலை வேண்டும் என்று இந்த நூல் மில்லில் வேன் டிரைவராகச் சேர்ந்தேன். போன ஆடியில் ஓய்வு பெற்றேன். என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

காலையில் எருமப்பட்டியில் வண்டியை எடுக்க வேண்டும். வழியில் நிறுத்தம் நிறுத்தமாக மில் பெண்களை ஏற்றிக்கொண்டு, நாமக்கல்லைத் தாண்டி, திருச்செங்கோடு ரோட்டில் இருக்கும் மில்லில் இறக்க வேண்டும். இறக்கிய கையோடு, இரவு ஷிப்ட் முடித்த பெண்களை ஏற்றிக்கொண்டு அதே வழியில் திரும்ப வேண்டும். நூல் மில்லில் மிஷினை அப்படியே விட்டுவிட்டு யாரும் நகர முடியாது. மாற்றிவிட ஆள் வந்தால்தான் முந்தின ஷிப்ட் ஆள் வெளியே வரலாம். நான் தாமதமாகப் போனால், ராத்திரியெல்லாம் நின்ற கால்கள் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். அவர்களுக்கு வீட்டில் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற வேலை இருக்கும்.

போக்குவரத்து மேனேஜர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. திங்கட்கிழமை தோறும் டிரைவர்களை நிற்க வைத்து ஒரே பாட்டுத்தான் பாடுவார். "நிதானமா வாங்க. நேரத்துல வாங்க." முதல் பாதிக்குத் தலையாட்டி முடிப்பதற்குள் இரண்டாவது பாதி வந்துவிடும். மாதேசு என்ற டிரைவர் மட்டும் ஒரு தரம் தைரியமாகக் கேட்டான்.

"ரெண்டுல மொதல்ல எதுங்க சார்?"

"ரெண்டும்" என்றார் மேனேஜர்.

காலையில் வேன் மில்லுக்குள் நுழையும்போது அவர் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பார். டிரைவர் முகத்தைப் பார்க்க மாட்டார். வண்டி நின்றதும் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. பிறகு கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். சூடு அதிகம் என்று நினைத்தாரா, குறைவு என்று நினைத்தாரா, ஒருநாளும் சொன்னதில்லை. அத்தனை தூரம் ஓடிவந்த எஞ்சின் எப்படி ஓட்டினாலும் சுடத்தான் செய்யும். இருந்தாலும் அவர் கையை எடுக்கும்வரை நான் சீட்டை விட்டு இறங்க மாட்டேன்.

அவர் ஒரு விதி வைத்திருந்தார். வேகத்துக்காக அபராதம் வாங்கியவன் அன்றோடு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. கேட் வேலைக்குப் போய்விட வேண்டும். மாதேசு அப்படித்தான் போனான். ஒரே ஒரு அபராதம். மறுநாள் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு என் வண்டிக்குக் கேட்டைத் திறந்துவிட்டான். ஒவ்வொரு காலையும் கேட்டைத் தள்ளிக்கொண்டே என்னிடம் கேட்பான்.

"வா சாமி, வா. இன்னைக்கும் தப்பிச்சுட்டியா? உனக்கும் ஒரு ஸ்டூலு தொடைச்சு வெச்சிருக்கறேன்."

சம்பளம் ஒன்றுதான், வேலையும் குறைவுதான் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. கேட்டில் நிற்பவன் வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, யார், எங்கே, எதற்கு என்று முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். அடையாள அட்டை மறந்து வந்த பெண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டும். அவள் அழுதாலும் அனுப்ப வேண்டும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தால் அந்தத் தொல்லை கிடையாது. எல்லோரும் என் முதுகைப் பார்ப்பார்கள், நான் ரோட்டைப் பார்ப்பேன். என் மாதிரி ஆளுக்கு உலகத்தில் கிடைத்த ஒரே வசதியான இடம் அந்த சீட்டுதான். அது போய்விடக் கூடாது என்பதுதான் அத்தனை வருடமும் என் பயம்.

நேரத்துக்குப் போக வேண்டுமென்றால் நாமக்கல்லைத் தாண்டியதும் கொஞ்சம் மிதித்துத்தான் ஆக வேண்டும். மிதித்தால் போலீஸ். அவர்கள் வேகம் அளக்கிற கருவியை முக்காலியில் வைத்துக்கொண்டு புளியமர வளைவில் நிற்பார்கள். சில நாள் கோழிப்பண்ணைத் திருப்பத்தில் நிற்பார்கள். எந்த நாள் எந்த இடம் என்று அவர்களுக்கே காலையில்தான் தெரியும் என்று நினைக்கிறேன்.

வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் மலரைப் படிக்கும் வீட்டு ஆட்களுக்காகச் சொல்கிறேன். எதிரே வருகிறவன் பகலில் முன்விளக்கை இரண்டு தரம் சிமிட்டினால் அவன் வந்த வழியில் போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். சிலர் கையை வெளியே நீட்டி, உள்ளங்கையால் காற்றைக் கீழே அமுக்கிக் காட்டுவார்கள். சொல்பவன் முகம் தெரியாது, ஊர் தெரியாது. நாமும் தாண்டிப் போனபின் எதிரே வருகிற இன்னொருவனுக்குச் சிமிட்டிவிட வேண்டும். அதோடு கணக்குத் தீர்ந்தது. முட்டை வண்டிக்காரர்கள் சிமிட்டினால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். லாரிக்காரர்களில் சிலர் விளையாட்டுக்குச் சிமிட்டுவார்கள். காலேஜ் பஸ் சிமிட்டவே சிமிட்டாது. சொந்தக் காரில் போகிறவர்களுக்கு இந்த வழக்கமே தெரியாது. அவர்கள்தான் அதிகம் சிக்குவார்கள்.

சிமிட்டியதைப் பார்த்ததும் பிரேக்கை மிதிக்கக் கூடாது. மிதித்தால் வண்டியின் மூக்கு குனியும். தூரத்தில் நிற்கிற போலீஸ்காரர் குனிகிற வண்டியைத்தான் தேடிக்கொண்டிருப்பார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்லத் தூக்கி, வேகம் தானாக விழட்டும் என்று விட்டு, மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டும். ஜன்னலில் சாய்ந்து தூங்குகிற பெண்ணின் தலை இடிக்கக் கூடாது. தாண்டும்போது எஸ்.ஐ.யின் முகத்தை முறைத்துப் பார்க்கக் கூடாது, பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொள்ளவும் கூடாது. எனக்கு இந்தக் கடைசிப் பாடம்தான் கடைசிவரை வரவில்லை.

இது தெரிந்ததால்தான் நான் தப்பித்தேன் என்று சொன்னால் பொய். ஒருநாள் யாரும் சிமிட்டவில்லை. நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று செம்மறி ஆட்டு மந்தை ஒன்று ரோட்டின் குறுக்கே வந்துவிட்டது. ஆட்டுக்காரர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடுரோட்டில் நின்று காலில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். வண்டிக்குள் இருந்த பெண்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். நானும் மனதுக்குள் திட்டினேன். ஆடுகள் கடந்தபின் முதல் கியரில் உருண்டு போனால், ரோட்டோரம் நின்றிருந்த ஒரு ரிக் வண்டியின் மறைவில் போலீஸ் ஜீப். எஸ்.ஐ. எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார், ஒழுங்கான டிரைவர் என்று. நான் அந்த ஆட்டுக்காரருக்கு மனதில் மன்னிப்புக் கேட்டேன். அவரிடம் நேரில் கேட்டிருந்தால் அவருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது.

இன்னொரு நாள் எஸ்.ஐ. கையைக் காட்டி நிறுத்தியே விட்டார். நான் லைசென்ஸை எடுத்து நீட்டினேன். கருவியில் என்ன வந்தது என்று அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் போன கார் பாதி மறைத்திருந்ததால் அந்த எண் காருடையதா, வேனுடையதா என்று அவருக்கே சந்தேகம் போலிருந்தது. அப்போது எனக்குப் பின் சீட்டிலிருந்து பாப்பாத்தி அக்கா ஜன்னல் வழியே தலையை நீட்டினார். பாப்பாத்தி அக்கா ஸ்பின்னிங்கில் மூத்த ஆள். எருமப்பட்டியில் முதலில் ஏறுவார். நான் பேசாத பேச்சையும் சேர்த்து அவரே பேசிக்கொண்டு வருவார்.

"ஏனுங் சார், இவன் வேகமா வந்தானுங்களா?"

"நீங்க உள்ள உக்காருங்கம்மா" என்றார் எஸ்.ஐ.

"இல்லீங் சார், எழுதுங்க, நல்லா எழுதுங்க. இவன் வேகமாப் போனான்னு கவர்மெண்டு குடுத்த காயிதம் ஒண்ணாச்சும் இருக்கட்டும். கண்ணாடி போட்டு வண்டியில மாட்டி வெக்கறோம். இதுல வாரதுக்கு நடந்தே போயிருக்கலாமுன்னு இப்பத்தான் பேசிக்கிட்டு வாரோமுங்க."

வண்டி முழுக்கச் சிரித்தது. எஸ்.ஐ.யும் சிரித்துவிட்டார். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்து, "போய்யா, போ" என்றார்.

வளைவு தாண்டியதும் பாப்பாத்தி அக்கா என் காதுக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏஞ்சாமி, நெசமா வேகமாத்தான் வந்தியா?"

"ஆமாங்க்கா."

"தெரியுமப்பா. என்ற கட்டுன பல்லு களண்டு மடியில வுளுந்துருச்சு."

இப்படி ஆட்டுக்காரரும், பாப்பாத்தி அக்காவும், முகம் தெரியாத முட்டை வண்டிக்காரர்களும் என்னைக் காப்பாற்றினார்கள். நான் சிக்காத டிரைவர் என்ற பேர் மட்டும் எனக்கு வந்தது. அந்தப் பேர் வளர வளர என் பயமும் வளர்ந்தது.

இனி என் குழப்பத்துக்குக் காரணமான அந்த ஒருநாள். அது ஐப்பசி மாதம். முந்தின இரவு நல்ல மழை. எருமப்பட்டிக்கும் நாமக்கல்லுக்கும் இடையில் பள்ளமான ஓரிடத்தில் ரோட்டில் தண்ணீர் நின்றது. வண்டிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து போனதில் எங்களுக்கு நேரம் போய்விட்டது. நாமக்கல்லைத் தாண்டியதும் மிதித்தேன். பக்கக் கண்ணாடிகள் இரண்டிலும் சேறு தெறித்துக் காய்ந்திருந்தது. துடைக்க நிறுத்தவில்லை.

புளியமர வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் எதிரே ஒரு முட்டை வண்டி வந்தது. இரண்டு தரம் சிமிட்டிவிட்டுப் போனது. நான் காலைத் தூக்கினேன். வேகம் விழுந்தது. மூன்றாவது கியர். எல்லாம் வழக்கம் போலத்தான்.

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. சேற்றுக்குள் அதற்கு மேல் தெரியவில்லை. அது விடாமல் அடித்தது. திடீரென்று நான் ஊர ஆரம்பித்ததில் அவசரக்காரருக்குக் கோபம் வருவது நியாயம்தான். எதிர் ரோடு காலியாக இருந்தது.

பின்னால் வருகிறவன் வழி கேட்டால், எதிரே வண்டி இல்லையென்றால், வலது கையை வெளியே நீட்டி முன்னால் வீசிக் காட்டுவது ரிக் வண்டியில் இருந்தே எனக்குப் பழக்கம். முந்திப் போகலாம், எதிரே ஒன்றும் இல்லை என்று அதற்குப் பொருள். பெரிய வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவனுக்கு எதிர் ரோடு தெரியாது. நம் கைதான் அவனுக்குக் கண். அதனால் என் கை தானாக வெளியே போனது. தானாக வீசியது. கார் உறுமிக்கொண்டு எங்களைத் தாண்டியது.

"ஏனப்பா செல்லமுத்து!" என்று பாப்பாத்தி அக்கா கத்தினார். "அது நம்ம மேனேஜரு காரப்பா!"

மேனேஜர் நாமக்கல்லில் குடியிருந்தார். எப்போதும் எங்களுக்கு முன்பே போய் கேட்டில் நிற்பவர். அன்று அவரும் மழையில் மாட்டித் தாமதமாகியிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஹாரனை அழுத்தினேன். நீளமாக, விடாமல் அழுத்தினேன். முன்னால் போன காரின் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து, சரி சரி என்பது போல என்னைப் பார்த்து அசைந்தது. கார் இன்னும் வேகமெடுத்தது.

நாங்கள் வளைவில் திரும்பியபோது கார் ஓரமாக நின்றிருந்தது. எஸ்.ஐ. கருவியில் எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தார். மேனேஜர் காருக்கு வெளியே, மழையில் நனைந்த புல்லில், பளபளக்கும் ஷூவோடு நின்றிருந்தார். ஒரு காவலர் எங்கள் வேனுக்குப் போகலாம் என்று கை காட்டினார்.

நிற்பதா போவதா என்று தெரியவில்லை. நின்றால் மரியாதை. ஆனால் நின்று என்ன சொல்வது? உள்ளே பெண்கள் எல்லோரும் ஒரே பக்க ஜன்னலுக்கு வந்துவிட்டதால் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்தது. மில்லில் இரவு ஷிப்ட் நின்றுகொண்டிருக்கும். நான் நிற்கவில்லை. தாண்டும்போது மேனேஜர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்க்கவும் கூடாது, பார்க்காமல் இருக்கவும் கூடாது என்று சொன்னேனே, அந்த இடத்தில் நான் முழுசாக அவர் கண்ணைப் பார்த்துவிட்டேன்.

கொஞ்ச தூரம் போனோம். பிறகு பின் சீட்டில் ஒரு பெண் க்ளுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், மில் கேட் வரை யாராலும் அடக்க முடியவில்லை. பெண்கள் ஜன்னல் வழியே கத்தியதில், கேட்டைத் திறந்த மாதேசுவுக்கு விஷயம் வண்டி நிற்பதற்கு முன்பே போய்விட்டது. அவன் சிரிக்கவில்லை. என் ஜன்னலுக்கு வந்து, "டேய், நீ வேணும்னே பண்ணுனியா?" என்று கேட்டான். ஏதோ நான் அவனுக்காகப் பழி வாங்கிவிட்டது போல அவன் கண் மின்னியது. இல்லை என்றேன். "பரவால்ல சாமி, எங்கிட்டச் சொல்லு" என்றான். இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

நான் இரவு ஷிப்ட் பெண்களை வீட்டில் விட்டுவிட்டு மத்தியானம் திரும்பி வந்ததும் மேனேஜர் கூப்பிட்டார்.

"உக்காருங்க, செல்லமுத்து" என்றார். அந்த அறையில் நான் உட்கார்ந்ததே இல்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

"அவங்க அங்க நிக்கிறது உங்களுக்குத் தெரியும்."

"தெரியுமுங்க சார்."

"எப்படி?"

"எதுத்தாப்ல வந்த முட்டை வண்டிக்காரன் லைட்டுப் போட்டுக் காட்டுனானுங்க."

அது என்ன பழக்கம் என்று கேட்டார். சொன்னேன். என் வாழ்நாளில் அவரிடம் அவ்வளவு நேரம் பேசியதில்லை. வேறு ஏதோ தேசத்துச் சடங்கைக் கேட்பது போலக் கேட்டார்.

"அப்போ இத்தனை வருஷமா நீங்க நேரத்துல வந்ததெல்லாம் இப்படித்தானா?"

"ஆமாங்க சார்" என்றேன். உடனே, "இல்லீங்க சார்" என்றேன். இரண்டுமே எனக்கு உண்மையாகத்தான் தோன்றின.

"சரி. தெரிஞ்சும் என்னைப் போகச் சொல்லிக் கை காட்டினீங்க."

"நீங்கன்னு தெரியலீங்க சார். கண்ணாடியெல்லாம் சேறுங்க. தெரிஞ்சிருந்தா உட்டிருக்க மாட்டனுங்க."

அவர் மேஜை மேல் இருந்த பேனாவை நேராக்கி வைத்தார்.

"நான் இல்லாம வேற யாராவது இருந்தா விட்டிருப்பீங்க. அப்படித்தானே?"

அந்தக் கேள்வி இன்றுவரை என்னோடு இருக்கிறது.

"அப்புறம் ஹாரன் அடிச்சீங்க."

"நிக்கச் சொல்லித்தானுங்க சார் அடிச்சேன்."

"நான் வணக்கம் சொல்றீங்கன்னு நினைச்சேன்."

நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து மேஜை டிராயரில் போட்டு மூடினார்.

"வேகத்துக்கு அபராதம் வாங்கினவங்க வண்டியைத் தொடக் கூடாதுன்னு நான்தான் சொல்லியிருக்கேன்."

"அது டிரைவருங்களுக்குங்க சார்."

"காலையில அந்தக் காரை ஓட்டினது யாரு?"

நான் டிராயரைப் பார்த்தேன். வெளியே மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"உங்களை என்ன பண்றதுன்னுதான் தெரியல, செல்லமுத்து. நீங்க அபராதம் வாங்கல. வாங்காமலே வேகமா வந்திருக்கீங்க. எனக்குக் கை காட்டினதும் நீங்க. நாளைக்குச் சொல்றேன். போங்க."

நாளைக் காலையில் நான் வண்டியை எடுக்கலாமா, கூடாதா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கதவு வரை போனேன். திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமல் வந்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டில் என் மனைவி சாந்தியிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கு வண்டிக்குப் போறதா வேண்டாமான்னு கேட்டீங்களா, இல்லையா?"

"கேக்கல."

"வாயி இருக்குதுங்களே?"

"இருக்குது."

"அதுல சோறு உள்ள போறதோட செரியா? ஒரு பேச்சு வெளிய வரக் கூடாதுங்களா?" என்றவள் முறத்தைக் கீழே வைத்தாள். "செரி, நீங்க பண்ணுனது தப்புங்களா?"

"தெரீல."

"தெரீலன்னா?"

"முட்டை வண்டிக்காரன் எனக்குச் சொன்னான். நான் பின்னால வந்தவனுக்குச் சொல்லல. அதத்தான் அவரு கேக்கறாரு."

"பின்னால வாரவனுக்கு எப்படிச் சொல்றது?"

"அதுக்குச் சைகையே இல்ல."

"அப்ப உங்க மேல என்ன தப்பு?"

"கை காட்டுனனே. போன்னு."

அவள் முறத்தை மறுபடி எடுத்தாள். பிறகு, "அந்த மனுசன ஆராச்சும் அடிச்சுத் தொரத்துனாங்களா அத்தன வேகமாப் போக? அவுரே போனாரு. நீங்க எதுக்குச் சோறு உங்காம உக்காந்திருக்கறீங்க?" என்றாள். அதுவும் சரியாகத்தான் இருந்தது. அவள் தூங்கிவிட்டாள். நான் கேட்டில் நின்று, ஆருங்க நீங்க, எங்க போறீங்க என்று கேட்கிற மாதிரி மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மனதுக்குள்கூடக் குரல் எழும்பவில்லை.

பிரபு கேட்டதற்கு நான் சொல்ல நினைப்பது இதுதான், ஆனால் இது அவனுக்கு உதவுமா என்று தெரியவில்லை. எதிரே வருகிறவனுக்கு விளக்குச் சிமிட்டுவது உதவி என்றுதான் நான் நினைத்திருந்தேன். வேகமாகப் போகிறவனைக் கொஞ்ச தூரம் மெதுவாக்குகிறோம். போலீஸும் அதைத்தானே கேட்கிறது? ஆனால் வளைவைத் தாண்டியதும் மறுபடி மிதிக்கிறோம். அப்படியானால் நாங்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்டது என்ன? மேனேஜருக்கு யாராவது சொல்லியிருந்தால் அவர் அந்த ஒரு வளைவில் மட்டும் மெதுவாகப் போயிருப்பார். என்னைப் போல. அது நல்லதா? தாமதமாகப் போனால் பெண்கள் நிற்கிறார்கள், வேகமாகப் போனால் அதே பெண்களின் உயிர் என் கையில் இருக்கிறது. இதை எழுதும்போதுதான் அந்த உயிர்களைப் பற்றி நான் அத்தனை வருடத்தில் அதிகம் நினைத்ததில்லை என்று தெரிகிறது. எனக்குக் கேட் ஸ்டூல்தான் பெரிய பயமாக இருந்திருக்கிறது.

இப்போது கம்பத்தில் கேமரா நிற்கிறது. அதற்காக யாரும் சிமிட்டுவதில்லை, அது எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பிரபு இரண்டு தரம் சிக்கியிருக்கிறான். அவனிடமும் இப்போதைய மேனேஜர் நேரத்துக்கு வா என்றுதான் சொல்கிறாராம்.

அன்றைக்கு மறுநாள் நடந்ததைச் சொல்லி நிறுத்துகிறேன். காலையில் யாரும் போன் செய்து வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால் வண்டியை எடுத்தேன். நாமக்கல் நிறுத்தத்தில் பெண்களோடு மேனேஜரும் டிபன் பையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஏறி, காலியாக இருந்த கடைசி சீட்டில் உட்கார்ந்தார். பாப்பாத்தி அக்காகூட ஒன்றும் பேசவில்லை. ரோட்டோரப் பலகையில் எழுதியிருந்த வேகத்துக்கு மேல் நான் போகவில்லை. எதிரே யாரும் விளக்குச் சிமிட்டவில்லை. எந்த வளைவிலும் போலீஸ் இல்லை. மில்லுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். இரவு ஷிப்ட் பெண்கள் மிஷினை மாற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, யாரால் லேட்டு என்று கேட்டார்கள். "என்னாலதாங்க" என்றார் மேனேஜர். அவர்கள் அவரைத் திட்டினார்கள். அவர் நின்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றிருந்தவர், என்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். நான் அந்தப் பெண்களை ஏற்றிக்கொண்டு எருமப்பட்டிக்குத் திரும்பினேன்.